அப்புறம்

பெல்ட்டைத் தொடைகளுக்கு நடுவே கொடுத்து பிசியோதெரபிஸ்ட் ஆஷிக் இறுக்கிய அந்த நொடியிலேயே அம்சவேணிக்குத் தெரிந்துவிட்டது, ஒருதரம் போய்விட்டு வந்திருக்க வேண்டும் என்று. அடிவயிற்றில் லேசான கனம்தான், அவசரம் ஒன்றுமில்லை, பயிற்சி முடிகிறவரைக்கும் தாங்கும், எத்தனை வருஷம் தாங்கின வயிறு இது. காலையில் வார்டில் அவர் கேட்கத்தான் கேட்டார், "போறயா அம்மிணி?" என்று. அப்போது வரவில்லை. வராததை என்ன செய்வது. அதற்குப் பிறகுதான் அந்த இளநீர். கேட்டுக்கு வெளியே போய் வாங்கி வந்து, குழல் போட்டு, அவள் கடைவாயில் வழிய வழியத் துண்டால் ஒற்றிக்கொண்டே, "முச்சூடும் குடிச்சுரு, சூடு தணியும்" என்று சென்னியப்பன் கடைசிச் சொட்டுவரை ஏற்றிவிட்டார். கட்டிய கணவன் ஊட்டும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, அவளிடம் வேண்டாம் என்ற சொல்லே இல்லாதபோது. இப்போது மேடைமேல் நிற்கிறாள். நிற்கிறாள் என்று சொல்லக்கூடாது, நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மேலே இரும்புச் சட்டத்திலிருந்து இறங்கும் கயிறு அவள் போட்டிருக்கும் கனத்த சட்டையின் தோளில் மாட்டியிருக்கிறது. இடுப்பைச் சுற்றி அகலமான பட்டை, பட்டையின் இரண்டு பக்கமும் மெஷினின் கைகள், காலுக்கடியில் ஆடும் பலகை, முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, அதற்கும் அப்பால் டிவி மாதிரித் திரை. கல்யாணமான நாளிலிருந்து சேலையைத் தவிர எதுவும் கட்டாதவளுக்கு இடுப்பில் பேன்ட். சாம்பல் நிறப் பேன்ட், மருமகள் வாங்கி அனுப்பியது, ஈரம் பட்டால் பளிச்சென்று காட்டிக்கொடுக்கிற நிறம். ஏன் இப்போது ஈரத்தைப் பற்றி நினைக்க வேண்டும். நினைக்கக்கூடாது.

"அம்மா, நேத்து மாதிரிதான்," என்றான் ஆஷிக். சின்னப் பையன், தாடியை அழகாகக் கத்தரித்திருக்கிறான், கையில் சிவப்புப் பொத்தான் வைத்த ஒரு சின்னப் பெட்டி. "மெஷின் இடுப்பைத் தள்ளும். எப்ப தள்ளும், எந்தப் பக்கம் தள்ளும்னு எனக்கே தெரியாது. அது தள்ளத் தள்ள, விழாம சமாளிக்க உங்க உடம்பு மறுபடி கத்துக்கும். விழவே மாட்டீங்க, கயிறு பிடிச்சுக்கும். ஆரம்பிக்கலாமா?" கொஞ்சம் பொறு தம்பி, பாத்ரூம் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். "அப்புறம்," என்றது வாய். ஆஷிக் சிரித்தான். "அப்புறம் என்னம்மா அப்புறம், இப்பவே ஆரம்பிச்சுரலாம்." அவனுக்கும் தெரியும், அவளிடம் இருப்பது அந்த ஒரே சொல்தான் என்று. பசித்தாலும் அப்புறம், வலித்தாலும் அப்புறம், மகன் மஸ்கட்டிலிருந்து போனில் "அம்மா, நான் கோகுல் பேசறேன்" என்று அழுதபோதும் அப்புறம். உள்ளே எல்லாம் வரிசையாக, தெளிவாக இருக்கிறது, பாத்ரூம் என்ற சொல்லின் பா கூடத் தெரிகிறது, உதட்டைச் சேர்த்துத் திறந்தால் பா, ஆனால் உதடுவரை வந்ததும் யாரோ அதை இழுத்துக்கொண்டு அப்புறத்தை வெளியே தள்ளிவிடுகிறார்கள். ஏன் இந்தச் சொல், எத்தனையோ சொல் இருக்க. அன்றைக்கு இருகூரில் ஒரு மளிகைக்கடைக்காரர் வீட்டு சோபாவில் உட்கார்ந்து பாலிசியை விளக்கிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வருஷம் இன்சூரன்ஸ் ஏஜென்ட், பேச்சுதான் அவள் சரக்கு. இது முதல் மூணு வருஷம், அப்புறம், என்று சொன்னதுவரை நினைவிருக்கிறது. அப்புறம் என்று இன்னொருதரம் சொன்னாள். இன்னொருதரம். கடைக்காரர் பெண்டாட்டி முதலில் சிரித்தாள், அப்புறம் என்னன்னு சொல்லுங்கக்கா என்றாள், பிறகு காபி டம்ளர் விழுந்தது. அங்கே நின்றுபோன நாக்கு அங்கேயே நிற்கிறது.

தள்ளியது. வலதுபக்கமிருந்து, எருமை வந்து இடித்த மாதிரி, சத்தமே இல்லாமல். இடதுகை கம்பியை நெரித்தது, இடதுகால் ஊன்றிக்கொண்டது, வலதுகால் வழக்கம்போல வேடிக்கை பார்த்தது. அந்தக் கால் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மூடிவிட்டுத் திறந்தால், ஓ, இங்கேதான் இருக்கிறாயா. அடிவயிறு குலுங்கியது. இளநீர் ஒரு பக்கம் சாய்ந்து திரும்பியது போல இருந்தது, பானையில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடக்கிறபோது அலம்புமே அந்த மாதிரி. "சூப்பர்மா. ஆனா எல்லாக் கனமும் இடதுபக்கமே போகுது பாருங்க. மஞ்சள் புள்ளிய நடு வட்டத்துக்குக் கொண்டுவாங்க," என்றான் ஆஷிக். திரையில் மஞ்சள் புள்ளி. அந்தப் புள்ளிதான் அவளாம். நேராக நிற்கிறோம் என்று அவளுக்குத் தோன்றும்போது புள்ளி இடது ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. புள்ளியை நடுவுக்குக் கொண்டுவந்தால் அவளுக்குக் கிணற்றுக்குள் சரிவது போலிருக்கிறது. எதை நம்புவது. ஐம்பத்தெட்டு வருஷம் கூட இருந்த தன் நிதானத்தையா, மஞ்சள் புள்ளியையா. அடுத்தது எப்போது தள்ளும். தள்ளுவதைவிட அதற்கு முன்னால் இருக்கிற இந்தச் சும்மா இருக்கும் நேரம்தான் கொடுமை. தோளை இறுக்கிக் காத்திருந்தால் தள்ளாது. அவன் சொன்னது பொய்யாகத்தான் இருக்க வேண்டும், அதற்குத் தெரிகிறது, அவள் எப்போது அசருவாள் என்று மெஷின் பார்த்துக்கொண்டே இருக்கிறது. மாமியார் இப்படித்தான் இருந்தாள், பாவம், செத்துப்போனவளை ஏன் சொல்ல வேண்டும். தொடையை இறுக்கிக்கொள்ளலாம் என்று பார்த்தாள். ஒரு தொடைதான் இறுகியது. அப்போதுதான் அந்த யோசனை வந்து மாட்டிக்கொண்டது, பிறகு போகவேயில்லை: அடக்குகிற தசை எந்தப் பக்கம்? உடம்பில் பாதி சொன்னபடி கேட்கிறது, பாதி கேட்பதில்லை. மூத்திரப்பை யார் கட்சி? நடுவில் இருக்கிறது. நடுவில் இருப்பது பாதி கேட்குமா? டாக்டரிடம் கேட்க வேண்டும். எதைக் கொண்டு கேட்பது.

அடக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஏஜென்ட் வேலைக்குப் புதிதாக வந்த பெண்களுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுத்தது பாலிசியைப் பற்றி அல்ல. காலையில ஒரு காப்பிக்கு மேல குடிக்காதீங்க, மத்தியானம்வரைக்கும் தண்ணி பாட்டில எடுக்காதீங்க, எந்தத் தெருவுல எந்த வீட்டுல கேக்கலாம்னு மனசுல வெச்சுக்குங்க. ஆண்கள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள். அவளுக்கோ சூலூரில் டீச்சர் வீடு, இருகூரில் தறிக்காரர் வீட்டுப் பின்பக்கம், ஒண்டிப்புதூரில் ஒரு வீடும் கிடையாது. ஸ்கூட்டியில் வேகத்தடை வரும்போது உட்கார்ந்த வாக்கிலேயே கொஞ்சம் எழும்பி ஏறி இறங்க வேண்டும், அதெல்லாம் ஒரு வித்தை. ஒரு வீட்டில், பேரைச் சொல்ல வேண்டாம், பெரிய பாலிசி எடுத்தவர்கள், கூச்சத்தை விட்டுக் கேட்டாள், அந்த அம்மா உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, தண்ணி வரலைங்க என்றாள். உள்ளே குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே சிரித்தபடி கையெழுத்து வாங்கிக்கொண்டு வீடுவரை அடக்கிக்கொண்டு வந்தாள். ஸ்கூட்டியை ஸ்டாண்டு போடக்கூட நிற்கவில்லை, அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு ஓடினாள். ஓடினாள். ஓட்டம் என்றால் எப்படி இருக்கும். இரண்டு காலும் மாறி மாறித் தரையை விட்டுவிடுவது. இரண்டையும் விட்டுவிட்டு எப்படி விழாமல் இருந்தாள். தள்ளியது, முன்னாலிருந்து. ஐயோ. ஒரு சொட்டு. இல்லை. வேர்வைதான். வேர்வை அங்கேயா வரும். இல்லை, ஒன்றுமில்லை, நின்றுவிட்டது, அடைத்தாயிற்று.

"முகம் ஏம்மா இப்படி இருக்கு? வலிக்குதா?" ஆஷிக் குனிந்து பார்த்தான். "அப்புறம்," என்றாள். தலையை ஆட்டினாள், எப்படி ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு கேட்டான், அல்லா சாமி எல்லாரும் சேர்ந்து அவன் வாயில் வந்து உட்கார்ந்த மாதிரிக் கேட்டான்: "பாத்ரூம் போகணுமா? ஆமான்னா மேல கீழ தலையாட்டுங்க." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளையாகப் பிறந்திருக்கலாம் இவன். ஆமாம், ஆமாம், மேலே கீழே, மேலே கீழே என்று கழுத்துக்குச் சொல்லி, கழுத்து கேட்கத் தொடங்கி, தாடை பாதி இறங்கியிருந்த அந்த நேரம் பார்த்து மெஷின் இடுப்பை இடமிருந்து வலம் தள்ளியது. தலை இப்படியும் அப்படியுமாக ஆடிப்போனது. "இல்லையா? சரி சரி," என்றான் ஆஷிக். பின்னால் நாற்காலியிலிருந்து சென்னியப்பன் குரல் கொடுத்தார், "காலைலயே கேட்டனுங் தம்பி. வல்லைன்னுட்டா. அவளுக்கு அதெல்லாம் ரொம்பக் கட்டுப்பாடுங்க, ஊரெல்லாம் சுத்துனவ." மில்லில் ஸ்பின்னிங் பக்கம் வேலை பார்த்த மனுஷன். அந்த இரைச்சலில் பேசி என்ன ஆகப்போகிறது என்று பேச்சையே குறைத்துக்கொண்டவர், வீட்டில் பேசுவதெல்லாம் அவள்தான், அவர் ம் போடுவார். இப்போது அவள் ம்கூடப் போட முடியாமல் போனதும் அவருக்கு எங்கிருந்தோ பேச்சு வந்துவிட்டது. அவளுக்காக எல்லாரிடமும் பேசுகிறார். அவளுக்குக் காரம் வேண்டாம் என்கிறார், வேண்டும். அவளுக்கு ஃபேன் ஆகாது என்கிறார், ஆகும். அவர் பேசப் பேச, அவர் சொல்கிற அந்த இன்னொரு அம்சவேணிதான் எல்லாருக்கும் பழக்கமாகிக்கொண்டு வருகிறாள்.

விரல். விரலைக் காட்டலாமே. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டும், உலகத்துக்கே தெரிந்த பாஷை, அதற்கு வாய் எதற்கு. இதை ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை. ஆனால் இடதுகை கம்பியில் இருக்கிறது. கம்பியை விட்டால் உலகத்தில் அவளைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, கயிறு இருக்கிறது என்கிறார்கள், கயிறு முதுகுக்குப் பின்னால், பார்க்காத கயிற்றை எப்படி நம்புவது. விடு. விடு கையே. ஒவ்வொரு விரலாகக் கழன்றது. கை காற்றில் வந்தது. பலகை லேசாக ஆட, வயிற்றில் எல்லாம் கீழே கீழே இறங்க, அவள் சுண்டுவிரலை மட்டும் நினைத்தாள், கடைசி விரல், மோதிரம் போடாத விரல், எழுந்திரு. கட்டைவிரல் எழுந்தது. இது இல்லை. மடக்கினாள், மறுபடி முயன்றாள். மறுபடியும் கட்டைவிரல், இன்னும் விறைப்பாக, ஜெயித்தவள் மாதிரி. "அடடா!" ஆஷிக் துள்ளினான். "கம்பிய விட்டுட்டீங்க! அப்பா, பாத்தீங்களா, தம்ஸ் அப் காட்டறாங்க!" அவனும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். சென்னியப்பன் எழுந்து வந்துவிட்டார், போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு. "இரு அம்மிணி, அப்படியே இரு, கோகுலுக்கு அனுப்போணும், நம்ப மாட்டான்." கதவோரம் சக்கர நாற்காலியில் தன் முறைக்காகக் காத்திருந்த பெரியவர் ஒருவர், அவருக்கும் ஒரு பக்கம் விழுந்துபோனதுதான், தொடையில் தட்டித் தட்டி ஒற்றைக் கையால் கைதட்டினார். எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பேர் ஒருசேர அவள்மேல் அன்பாக இருந்து எத்தனையோ நாளாகிவிட்டது. ஒருத்தரிடமும் சொல்ல முடியவில்லை.

அந்தப் பை நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பைக்குள் அந்தப் பாக்கெட், பிள்ளைகளுக்குப் போடுகிற டயப்பரேதான், பெரிய சைஸ். மூத்திர டியூப் எடுத்த அன்றைக்கே வாங்கி வைத்துவிட்டார். மருமகள் போனில், "எதுக்கும் போட்டுவிட்டுருங்க மாமா, அத்தைக்கும் நிம்மதி" என்றது அவளுக்கும் கேட்டது. வார்டு ஆயா மாட்டிவிட்டபோது இடதுகையால் பிய்த்து எறிந்தாள், அப்புறம் அப்புறம் என்று கத்தினாள், சரி அப்புறம் போட்டுக்கலாம் என்று பையில் வைத்தார்கள். அன்றிலிருந்து ஒருதரம்கூட நனைக்கவில்லை. ஒரே ஒருதரம் நனைந்தால் போதும், பாக்கெட் வெளியே வந்துவிடும், பிறகு உள்ளே போகாது. பிறகு யாரும் போறயா அம்மிணி என்றுகூடக் கேட்க மாட்டார்கள், கேட்க வேண்டிய அவசியம் இருக்காது, ஈரம் கனத்தால் மாற்றிவிடுவார்கள், அவ்வளவுதான். இடதுகை மறுபடி கம்பிக்கு வந்திருக்கலாம். வரவில்லை. அதை நினைக்க அவளுக்கு இடமில்லை. முழு அம்சவேணியும் அந்த ஒரு சின்ன வாசலில் போய்த் தோளைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தாள். மெஷின் தள்ளியது. அவள் கவனிக்கவில்லை. மறுபடி தள்ளியது, வலப்பக்கமாக. இடுப்பு தானாகப் போய்த் தானாகத் திரும்பி வந்தது. "நடு வட்டம்! நடு வட்டம்மா! அப்படியே!" என்று ஆஷிக் கூவினான். மஞ்சள் புள்ளி எங்கே இருந்தால் என்ன. முருகா இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், டீச்சர் வீடு வந்துவிட்டது, கேட்டைத் திறந்தால் போதும், செருப்பைக் கழற்றிவிட்டால் போதும், இந்த வேகத்தடை ஒன்றுதான். பின்னாலிருந்து தள்ளியது. உள்ளே என்னவோ விட்டுப்போயிற்று.

முதலில் சூடு. இடதுதொடையில் மட்டும் சூடு, ஓடை மாதிரி இறங்கி முழங்காலுக்குப் பின்னால் தயங்கி, பிறகு வேகமாகக் கணுக்கால். வலதுதொடையில் ஒன்றுமே நடக்கவில்லை. அந்தப் பக்கத்துக்குச் செய்தியே போகவில்லை. நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை, எவ்வளவு இளநீர், இவ்வளவையுமா ஊற்றினார். இதற்கு நடுவிலும் மெஷின் தன் வேலையைப் பார்த்தது, தள்ளியது, அவள் கம்பியைப் பிடிக்காமல் நின்றாள். "இதான்மா பெஸ்ட்! இதுவரைக்கும் இப்படி நின்னதே இல்ல நீங்க!" ஆஷிக் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சென்னியப்பன் போனுக்குள்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கதவோரப் பெரியவர்தான் முதலில் பார்த்தார். தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. அவர் முகத்தை மெல்லச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார், அப்படித் திருப்புவது அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும், ஆனாலும் திருப்பிக்கொண்டார். விழுந்துவிடலாம் என்று அம்சவேணி நினைத்தாள். விழுந்தால் எல்லாரும் பதறுவார்கள், விழுந்ததில் ஆனது என்று ஆகிவிடும், தரையில் கிடப்பவளை யாரும் அதற்காகப் பார்க்க மாட்டார்கள். முழங்காலை விட்டாள். வேண்டுமென்றே, முழுசாக, தூக்கிப் போட்ட மாதிரி விட்டாள். கயிறு பிடித்துக்கொண்டது. தோள் மேலே ஏற, கால்விரல் ஈரப் பலகையில் இழுபட, கடையில் மாட்டிவைத்த சட்டை மாதிரித் தொங்கினாள். ஆஷிக் சொன்னது உண்மைதான், விழவே மாட்டாள்.

சிவப்புப் பொத்தானை அமுக்கிய சத்தம் கேட்டது. மெஷின் பெருமூச்சு விட்ட மாதிரி ஓய்ந்தது. ஆஷிக் பார்த்துவிட்டான், ஒரு நொடி அவன் முகத்தில் என்னென்னவோ ஓடியது, உடனே திரைச்சீலையை இழுத்துவிட்டான். "பரவால்லம்மா. ஒண்ணுமில்ல. இங்க எல்லாருக்கும் ஆகறதுதான்," என்றான் மெதுவாக. அவளைத் தூக்கி நிமிர்த்தினான், கயிற்றை ஏற்றிக் கட்டினான், இடதுகையைக் கொண்டுவந்து கம்பியில் வைத்து விரல்களை மூடிவிட்டான். "கொஞ்சம் பிடிச்சுக்குங்க. ஆயாவக் கூட்டிட்டு வந்துர்றேன். மன்னிச்சுக்குங்கம்மா, நான்தான் இன்னொருதரம் கேட்டிருக்கணும்." போய்விட்டான். திரைச்சீலைக்குள் அவளும் அவரும். போன் இன்னும் அவர் கையில் எரிந்துகொண்டிருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார், பிறகு சட்டைப்பையில் போட்டார். நாற்காலிக்குப் பக்கத்திலிருந்த பையைப் பார்த்தார். அவரது கண் பையின் பக்கம் போனதை அவள் பார்த்தாள். அப்போது அவர் ஒன்றும் எடுக்கவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, கால் மடக்க முடியாத மனுஷன், மேடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு முக்கி முனகிக் கீழே உட்கார்ந்தார்.

இத்தனை வருஷத்தில் அவரை இப்படி மேலேயிருந்து அவள் பார்த்ததில்லை. உச்சந்தலையில் முடி உதிர்ந்து வட்டமாக வெளுத்திருந்தது, அதற்குள் ஒரு பழைய தழும்பு, இது எப்போது பட்டது, மில்லிலா, சின்ன வயசிலா, கேட்டதேயில்லையே, பேசிக்கொண்டேயிருந்தேனே. அவர் அவள் வலதுகாலைத்தான் முதலில் எடுத்தார். பேன்ட் விளிம்பை மடித்துவிட்டு, கணுக்காலைச் சுற்றித் துடைத்து, குதிகாலை ஒரு கையால் தாங்கி, விரலிடுக்கு ஒவ்வொன்றாகத் துண்டின் முனையைச் சுருட்டி விட்டு எடுத்தார். ஸ்கேனுக்காக மெட்டியைக் கழற்றிய இடத்தில் வளையமாக ஒரு வெளுப்பு, அதன்மேல் இரண்டுதரம் துடைத்தார். பூஜைப் பாத்திரத்தைக்கூட அவர் அப்படித் துடைத்து அவள் பார்த்ததில்லை. பார்க்கத்தான் முடிந்தது. அந்தத் துண்டு மெதுவாக இருக்கிறதா, முரடாக இருக்கிறதா, அவர் விரல் சூடாக இருக்கிறதா ஒன்றும் தெரியவில்லை. வேறு யாருடைய காலையோ அவர் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்ல அம்மிணி, ஒண்ணுமில்ல," என்று அந்தக் காலிடமே சொன்னார். இடதுகாலில் சூடெல்லாம் போய்விட்டது. ஏசிக் காற்றில் அது கணுக்காலிலிருந்து மேலே சில்லிட்டுக்கொண்டே ஏறியது, விரல்களுக்கு நடுவே ஈரம் பிசுபிசுத்தது. இந்தக் காலுக்கு எல்லாம் தெரியும். இதையும் ஒருதரம் அப்படிப் பிடித்துக்கொண்டால் போதும். அவர் இடதுகாலைத் தொடாமலே துண்டை மடித்துக் கீழே வைத்துவிட்டு, "ஆச்சு," என்று எழுந்துகொள்ள மேடையின் ஓரத்தைத் தேடினார். இன்னும் இருக்கிறது, இங்கே இருக்கிறது என்று காட்ட, அந்தக் காலை ஓர் அங்குலம் முன்னால் நகர்த்தினால் போதும். ஆனால் அதன்மேல்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள்.